வெள்ளிக்கிழமைச் சாம்பல்

ஊரே தினமும் வந்துபோகிற இடத்தில் எனக்கு வேலை. ஆனால் என்ன வேலை என்று சொன்னால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். சொந்தக்காரர்களிடம் "சுகாதார வேலை" என்று மழுப்பியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

சாம்பல் கேட்டுப் போனது

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் கக்கூஸ் கிடையாது. மழையோ பனியோ, தேயிலைக்குள்தான் போக வேண்டும். மாசமாக இருந்த என் மனைவி செல்லம் அப்படிப் போய், மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்தாள். நல்லகாலம், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதைக் கேள்விப்பட்ட தோட்டத்து டாக்டரய்யா, தோட்டத்தை நடத்தும் தொரையிடம் மல்லுக்கட்டி லயத்துக்குப் பின்னால் ஓர் உரக் கக்கூஸ் கட்ட வைத்தார். அந்த மனுஷனை நான் மறக்கவே மாட்டேன். குழிக்குள் தண்ணீர் போகக் கூடாது. கழுவ வெளியே தனி இடம். போய் முடித்தவர்கள் குழிக்குள் ஒரு டின் சாம்பலைத் தூவ வேண்டும். குழி நிறைந்ததும் மூடிவைத்தால் உரமாகிவிடும். நாற்றம் வந்தால் இடித்துவிடுவேன் என்றார் தொரை. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வீடு வீடாகச் சாம்பல் கேட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் அள்ளிக் கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டு முனியம்மாக்கா வாசலை மறித்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கெழம அடுப்புச் சாம்பல் வாசப்படி தாண்டினா லட்சுமியும் கூடவே போயிருவா தம்பி. போறவ நல்ல எடமாப் போனாலும் பரவாயில்ல, கக்கூசுக்கா போகணும்?"

மரியாதை செய்த கதை

தொரை பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் லயத்துப் பெண்கள் விடியற்காலையிலேயே ஒன்றுகூடிவிட்டார்கள். நான் குழிக்குப் போடச் சருகு அள்ளப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், கக்கூசை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வாசலில் சாணி தெளித்துக் கோலமும் போட்டிருந்தார்கள்! ஊற்றிய தண்ணீர் முழுவதும் குழிக்குள். வெயில் ஏறியதும் நாற்றம் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களம் வரைக்கும் போனது.

தொரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் தாண்டி வந்தார். இடிக்கச் சொல்லிவிட்டார். டாக்டரய்யா கெஞ்சிய பிறகு, சொல்லாமல் இன்னொரு தடவை வருவேன், அதுதான் கடைசி என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் முனியம்மாக்கா கண் கலங்கிச் சொன்னதைக் கேட்டதும் அது இறங்கிவிட்டது: "தொரை வர்ற எடமாச்சேன்னு ஆசையாக் கழுவுனோம் தம்பி, அதுவா இப்படி நாறிப்போச்சு?"

படி தாண்டிய லட்சுமி

தொரை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். முதல் நாள் மழையில் கூரை ஒழுகி, சேர்த்துவைத்த சாம்பலெல்லாம் சேறாகிக் கிடந்தது. குழியிலிருந்து வாடை லேசாகக் கிளம்பிவிட்டது. கீழே ரோட்டில் தொரையின் தொப்பி தெரிகிறது. செல்லத்துக்கு நிறைமாசம். கக்கூசை இடித்துவிட்டால் இனி இவள் எங்கே போவாள்?

வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த முனியம்மாக்கா என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். முறம் நிறையச் சாம்பலோடு வாசப்படியைத் தாண்டி வந்தார். அவரைப் பார்த்து மற்றக் காம்பராக்களிலிருந்தும் முறங்கள் வந்தன. தொரை குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார். "நல்லது. கீழ் லயத்துக்கும் ஒண்ணு கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வெள்ளிக்கிழமையாச்சேக்கா" என்றேன். அவர் செல்லத்தைக் கையால் காட்டினார்: "புள்ளத்தாச்சிய மழையில அலைய விட்டுட்டு, லட்சுமி மட்டும் எவ வீட்டுல குந்தியிருப்பா?"

முனியம்மாக்காவின் அந்த ஒரு முறம் சாம்பலுக்கு எங்கள் குடும்பம் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறது என்றாலும், அந்தக் குழி உரத்தில் காய்த்த பூசணிக்காயைச் சமைக்க மட்டும் அக்கா உட்பட எங்கள் லயத்தில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.