மடியில் ஒரு டின் கேப்

ஸ்ட்ரெதமில் பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் காரை மறிக்கிறார். மனைவியின் தம்பி தவம்தான் ஓட்டுகிறான். அவனுடைய பழைய மாதிரிக் கைத்துவக்கு பின்னால் பூட்டியிருக்கிறது. சுடும் கிளப்புக்குப் போகிறோம். லைசன்ஸ் இருக்கிறதாம். அந்தத் துவக்குக்கென்று அவன் சோடா டின் தகரத்தை வெட்டி, வெடிமருந்து வைத்துச் செய்த பொட்டு வெடி போன்ற கேப்புகள், மாத்திரை டின் ஒன்றில் என் மடியில் இருக்கின்றன. விழுந்தால் வெடிக்கும் என்று சொல்லித்தான் தந்தான்.

ஊரில், யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியில் செய்ததுபோல நான் உடனே இறங்கி, டின்னைத் திறந்து நீட்டுகிறேன். கை நடுங்குகிறது, கேப்புகள் கிலுகிலுக்கின்றன.

“அத்தான், ஏன் இறங்கினனீங்கள்? இஞ்ச காருக்குள்ளையே இருக்கோணும்,” என்கிறான் தவம்.

“கேக்க முந்திக் காட்டினால் அடிக்கமாட்டாங்கள்.”

“பின் லைட் எரியேல்லையெண்டுதான் மறிச்சவன். இனி எல்லாத்தையும் பாப்பான்.”

தவத்தின் லைசன்ஸ் போய்விடுமோ, என்னை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன். பொலிஸ்காரர் கிட்ட வந்து தன் தொப்பியைக் கழற்றுகிறார். நான் கண்களை மூடிக்கொள்கிறேன்.

அடி விழவில்லை. திறந்து பார்த்தால், நடுங்கும் என் கைக்குக் கீழே அந்தத் தொப்பியை ஏந்திப் பிடித்தபடி நிற்கிறார்.