சங்கிலி எட்டாத தூரம்

எங்கள் பிள்ளைமடுவத்துச் சுவரில் ஒரு புல்டோக் நாய் இருக்கிறது. கீழ்த்தாடை முன்னால் தள்ளி, இரண்டு பற்கள் மேலே பார்த்து நிற்க, கழுத்தில் முள்ளு வைத்த பட்டியோடு, கார்ட்டூனில் வருவது போலவே இருக்கும். முதலில் அதற்குச் சங்கிலியும் இருந்தது. இப்போது இல்லை. சங்கிலி இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். அந்தச் சங்கிலியை வரைந்ததும் அழித்ததும் செல்லசாமி அண்ணன்தான். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பொகவந்தலாவைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் காட்டை ஒட்டின கடைசி லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மடுவம். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பதினோரு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. வாசலில் ஒரு கொய்யா மரம், அதைத் தாண்டினால் தண்ணீர் ஓடும் கான், கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை. தேயிலைக்கு மேலே காடு. பின்நேரம் இரண்டு மணியானால் காட்டிலிருந்து பனிமூட்டம் இறங்கி வரும். கொய்யா மரம் வரைக்கும் வந்து நிற்கும்.

செல்லசாமி அண்ணனுக்குப் பிறக்கும்போதே கீழ்த்தாடை முன்னுக்கு வந்திருந்ததாம். கன்னம் இரண்டும் தொங்கும். வாயை மூடினாலும் கீழ்ப்பல் தெரியும். அவருக்கு இருபது வயது இருக்கும்போது லயத்துக்கு முதல் டிவி வந்தது. கணேசமூர்த்தி கங்காணி வீட்டில், கார் பெட்டரியில் ஓடும் டிவி. ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூன் போட்டால் லயமே அந்த ஜன்னலில் தொங்கும். ஒரு ஞாயிறு அதில் புல்டோக் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பெயர் விழுந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்குப் பத்து வயது. மாரியாத்தா மன்னிக்க வேண்டும்.

அந்தப் பெயர் அவரை விடவேயில்லை. வலப்பனைப் பக்கம் ஒரு வீட்டில் பெண் தர ஒத்துக்கொண்டார்கள். பரிசம் போடப் போன அன்று யாரோ விளையாட்டாக அந்தப் பெயரைச் சொல்ல, பெண் உள்ளே போய் அழுதுவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கப் போகவில்லை. தேயிலைப் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் இடத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை. ஓய்ந்த நேரத்தில் கோயிலுக்கு எழுத்து எழுதுவார், ஹட்டன் டவுனுக்குப் போய் வீட்டுக் கேட்டில் மாட்டும் 'நாய் கவனம்' போர்டு எழுதுவார். வீட்டில் இருப்பது பூனை அளவு நாய், ஆனால் போர்டில் மட்டும் புல்டோக் வேண்டும் என்று கேட்பார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் டிவிப் பக்கமே போயிருக்க மாட்டார். அவர் அப்படி இல்லை. புல்டோக் வருகிற கார்ட்டூன் ஒன்றையும் விடமாட்டார். பிள்ளைகளின் படக்கதைப் புத்தகம் கிடைத்தாலும் அந்த நாயைத் தேடித்தான் பார்ப்பார். எல்லாப் படத்திலும் அது முதலில் தூங்கிக்கொண்டுதான் இருக்கும் என்பார். சண்டையை அது தொடங்குவதே இல்லை. வேறு யாராவது வாலை மிதிப்பார்கள், தலையில் பானையைப் போடுவார்கள், அடி கொடுத்த பெயர் மட்டும் இதற்கு. கதையில் கெட்டவனைக் காட்ட வேண்டுமென்றால் அவன் கையில் இந்த நாயைக் கொடுத்துவிடுவார்கள். சில படத்தில் அதற்கு ஒரு குட்டி இருக்கும், அதை நக்கி நக்கிப் படுக்க வைக்கும். அந்த இடம் வந்தால் அண்ணன் கண்ணை எடுக்கமாட்டார்.

ஒரேயொரு தடவை நிஜ புல்டோக்கைப் பார்த்திருக்கிறார். சித்திரை மாத சீசனுக்கு நுவரெலியா வந்த கொழும்பு அம்மா ஒருத்தர் கொண்டுவந்ததாம். நாலு படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி, அண்ணனின் கால் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டதாம். படம் போடுகிறவர்கள் யாரும் அந்த மூச்சைக் கேட்டதில்லை என்று சொன்னார்.

இரண்டு விஷயம் மட்டும் அவர் மனதில் கிடந்து அரித்தது. ஒன்று, சங்கிலி. கார்ட்டூனில் வரும் பூனைக்கு நாயின் சங்கிலி எவ்வளவு தூரம் எட்டும் என்று தெரியும். அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு வம்பு பண்ணும். நாய் பாய்ந்து வந்து, சங்கிலி இழுத்து, குரல்வளை நெரிந்து விழும். எல்லாரும் சிரிப்பார்கள். "அந்த இடத்துல மட்டும் எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது, தங்கச்சி" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார்.

மற்றது அந்தப் பட்டி. "கழுத்தச் சுத்தி முள்ளு போட்டு வச்சிருக்கான். கடிக்கிறது வாயி. கழுத்துல எதுக்கு முள்ளு? அந்த முள்ளு யாருக்கு?"

லயத்தில் எல்லாரிடமும் அவர் இதைக் கேட்டிருக்கிறார்.

போன ஐப்பசியில் சிவனேஸ்வரி மிஸ் மடுவத்தைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளைகள் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி, நல்லவர். வாசலில் கறுப்பி படுத்திருந்தாள். அவள் லயத்து நாய், பத்து வயதுக்காரி, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கிடப்பாள். மூன்று வயது தயானி அவள் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்கும். மிஸ் அதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"நாயைக் கட்டி வையுங்கோ. பிள்ளையளுக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

சரியான பேச்சுத்தானே. நான்தான் சங்கிலி வாங்கி, என் கையாலேயே கறுப்பியைக் கொய்யா மரத்தில் கட்டினேன்.

கார்த்திகையில் லயத்து நாய்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் கடைசி வீட்டு நாய். இரவெல்லாம் ஒரு குரைப்புச் சத்தம் இல்லை. காலையில் சங்கிலி நேராகக் கிடந்தது, பட்டி பூட்டினபடி இருந்தது, நாய் மட்டும் இல்லை. அடுத்த கிழமை, ஏழெட்டு நாளில், இன்னொன்று. மார்கழி பிறப்பதற்குள் நாலு. வனத்துறை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுச் சிறுத்தை என்றார்கள். சுருக்கு வைக்கக் கூடாது, பிள்ளைகளைத் தனியாக விடக் கூடாது, நாய்கள் தீர்ந்தால் அது வேறு எதையும் பார்க்கும் என்றார்கள். மடுவத்தைப் பெக்டரிப் பக்கம் மாற்றத் தோட்டமும் ஒத்துக்கொண்டது. ஆனால் புதுக் கட்டடம் சித்திரையில்தான் முடியும். அதுவரைக்கும் தாய்மார் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? பிள்ளைகள் இங்கேதான்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் படம் போட அண்ணன் வந்தது அந்த நாட்களில்தான். பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்து என் சீலைக்குள் ஒளிந்தன. ஃபோனில் பார்க்கிற கார்ட்டூன் நாய் வேண்டும் என்று மட்டும் ஒளிந்துகொண்டே சொல்லின. அண்ணன் வரைந்தார், பட்டியோடும் சங்கிலியோடும்.

மார்கழி பஜனை முடிந்து, திருநீறு பூசிக்கொண்டு, ஒரு காலை நேராக மடுவத்தைத் திறக்க வந்தேன். ராத்திரி மழை பெய்திருந்தது. கறுப்பியை இரவில் உள்ளே போட்டுப் பூட்டுவோம், அதனால் அவள் பத்திரம். ஆனால் கொய்யா மரத்தைச் சுற்றி ஈர மண்ணில் கால் தடங்கள் இருந்தன. பிறை மாதிரி அரை வட்டமாக வரிசையாகப் போயிருந்தன. என் உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும்.

அண்ணன் வந்து பார்த்தார். சங்கிலியின் நுனியைப் பிடித்து, இழுத்த மட்டும் இழுத்து, மரத்தைச் சுற்றி நடந்தார். எந்த இடத்தில் பார்த்தாலும் தடம் சங்கிலிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஒரு சாண்தான். ஓர் இடத்தில் புல் அமுங்கிக் கிடந்தது. உட்கார்ந்திருக்கிறது. இரவில் அங்கே நாயே இல்லை. பகலில் பார்த்து, தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு, இரவில் வந்து நடந்து பார்த்திருக்கிறது.

தயானி வாசலில் நின்றது. அமுங்கின புல்லைக் கை காட்டி, "அங்கதான் உக்காந்திருக்கும்" என்றது.

"எப்ப பாப்பா?"

"நாங்க தூங்குறப்ப."

பிள்ளைகள் தூங்குவது பின்நேரம் இரண்டு மணிக்கு. பனிமூட்டம் இறங்கும் நேரம். நான் பக்கத்திலேயே இருந்து பால் கரைத்துக்கொண்டிருப்பேன். படியிலேயே உட்கார்ந்து மாரியாத்தாவைக் கூப்பிட்டேன்.

அண்ணன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்தபடி நின்றார். "தங்கச்சி, அது நாயப் புடிக்கிறது எங்க? குரல்வளையில. அதனாலதான் ஒரு சத்தமும் வரல" என்றார். "அந்த முள்ளு அதோட வாய்க்கு. நாற்பது வருசமாக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

பிறகு கறுப்பியைக் கழட்டிவிடச் சொன்னார், அவள் கழுத்துக்கு ஆணி வைத்த பட்டி ஒன்று செய்யப் போவதாகவும் சொன்னார். மிஸ் சொன்னதை நான் சொன்னேன். கழுத்தில் ஆணி இருந்தால் பிள்ளைகள் கட்டிப்பிடிக்கும்போது குத்தாதா என்றும் கேட்டேன். "பிள்ளைகளுக்குச் சொன்னா வெளங்கும். காட்டுல இருக்கிறதுக்கு யாரு சொல்றது?" என்றார்.

பெக்டரியில் மெஷினிலிருந்து கழித்துப்போட்ட ரப்பர் பட்டியில் ஒரு துண்டு வெட்டி, தகரம் அடிக்கிற ஆணியை உள்பக்கமிருந்து வெளியே வரும்படி அடித்து, உள்ளே கறுப்பிக்குக் குத்தாமல் துணி வைத்துத் தைத்தார். இருபத்திரண்டு ஆணி. லயத்து ஆட்கள் வந்து பார்த்து, கடைசியில் புல்டோக் தன் தங்கச்சிக்கு நகை செய்து போட்டுவிட்டது என்று கேலி பண்ணினார்கள். அண்ணனும் சிரித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனிமேல் கறுப்பியைப் பின்னாலிருந்து இடுப்போடுதான் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று அவரே செய்து காட்டினார். பிள்ளைகள் அவரிடம் போனது அன்றுதான்.

பட்டி போட்ட நாலாம் நாள். பனிமூட்டம் கொய்யா மரத்தை மூடியிருந்தது. அண்ணன் சுவரில் பட்டியின் முள்ளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பாயில் கிடந்தார்கள். வாசலில் இருந்த கறுப்பி எழுந்து நின்றாள். குரைக்கவில்லை. முதுகு மயிர் மட்டும் ஒவ்வொன்றாக எழும்பியது. தவளைச் சத்தம் நின்றுவிட்டது. கானில் தண்ணீர் ஓடுகிற சத்தம்கூட நின்ற மாதிரி எனக்கு இருந்தது.

திரும்பிப் பார்த்தால் பாயில் பத்துப் பிள்ளைகள். தயானி வாசற்படியில் நின்று பனிமூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் தூரிகையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். அதே நேரம் கறுப்பி பனிமூட்டத்தின் வெள்ளைக்குள் பாய்ந்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ கனமாக மண்ணில் விழுந்தது. பிறகு ஓர் இருமல் போலச் சத்தம், தொண்டையில் முள் சிக்கின மனிதன் இருமுவது போல. ஒரே ஒரு தடவை. தேயிலைச் செடிகள் சரசரவென்று மேலே நோக்கி விலகுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

கதவைச் சாத்தினோம். எவ்வளவு நேரம் போனதோ, நான் கந்த சஷ்டி கவசத்தைத் தொடக்கத்திலிருந்து இரண்டு தடவை சொல்லி முடித்தேன். கதவில் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. அண்ணன்தான் திறந்தார். கறுப்பி நின்றாள். தோளில் ஆழமான கீறல். கழுத்தில் ஒரு காயம் இல்லை. பட்டியில் மூன்று ஆணி வளைந்திருந்தது, ஒன்று இல்லை. மற்ற ஆணிகளில் இருந்த ரத்தம் அவளுடையது அல்ல.

அன்று சாயங்காலமே அண்ணன் சுவரில் இருந்த சங்கிலியைச் சுண்ணாம்பால் அழித்தார். சிவனேஸ்வரி மிஸ் தை மாதம் வந்தபோது நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கறுப்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அண்ணன் தடம் பார்ப்பார். எங்கே தடம் இருக்கிறதோ அங்கே சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றை வைப்பார். தடம் வருவது நிற்கவில்லை. ஆனால் தூரம் மாறிவிட்டது. கற்கள் எல்லாம் கானுக்கு அந்தப் பக்கம், தேயிலையின் ஓரத்தில் போய் நின்றன. பின்நேரத்தில் அவர் படியில் கறுப்பியோடு உட்காருவார். "இன்னைக்கு எங்க இருக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்பார். அவர்கள் கை காட்டுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் வெள்ளைதான் தெரியும்.

தோள் காயம் ஆறவில்லை. டவுன் டாக்டர் தைத்தும் சரிவரவில்லை. கறுப்பி மாசி மகத்துக்கு மறுநாள் செத்துப்போனாள். கொய்யா மரத்தடியில் புதைத்தோம். மண் போடுவதற்கு முன் அண்ணன் பட்டியைக் கழட்டி எடுத்துக்கொண்டார். தாய்மார் அழுதார்கள். சித்திரைக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. அதைத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை நான் வரும்போது அண்ணன் முந்திக்கொண்டு வந்திருந்தார். கானுக்கு அந்தப் பக்கம் இருந்த கற்களைத் தூக்கி வந்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். கொய்யா மரம் தாண்டி, புதைத்த மண்ணும் தாண்டி, கடைசிக் கல் வாசற்படிக்கு நாலு அடியில் இருந்தது. புதைத்த இடத்தில் ஒரு பிடி மண்கூடக் கிளறவில்லை. சுற்றி மட்டும் நடந்திருக்கிறது.

அண்ணன் படியில் உட்கார்ந்து கறுப்பியின் பட்டியோடு இன்னொரு ரப்பர்த் துண்டை வைத்துத் தைத்தார். வளைந்த ஆணிகளை நிமிர்த்தினார். புதிதாக ஏழு ஆணி அடித்தார். நீளமாகிவிட்ட பட்டியைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டேன்.

"சித்திர வரைக்கும்தானே, தங்கச்சி" என்றார்.

மூக்கின் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு, தாடையைத் தூக்கி, பட்டியைத் தன் கழுத்தில் வைத்துப் பூட்டினார். மேலே பார்த்து நிற்கும் இரண்டு கீழ்ப்பற்கள், தொங்கும் கன்னம், கழுத்தைச் சுற்றி முள்ளு. பின்னால் சுவரிலும் அதே முகம். கொழுந்துக்குப் போகிற ஆட்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள்.

பின்நேரம் வெள்ளை இறங்கியது. தயானி பாயிலிருந்து எழுந்து போய், முள்ளு படாமல், பின்னாலிருந்து அண்ணனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது.

"இன்னைக்கு எங்க இருக்கு, பாப்பா?"

பிள்ளை கை நீட்டிக் காட்டியது. அண்ணன் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.