ஞாயிறு கோர்சா இல்லை

பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு அருகே பஸ் டிக்கெட் கவுண்டரில் நிற்கிறேன். கார்கள் இடித்துக்கொண்டு ஓடுவதைப் பலேர்மோ வீதியிலேயே பார்க்கலாம். ஆனாலும் குடும்பமாக முதன்முதலாக, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வெளியூர்க் கார்ப் பந்தயத்துக்குப் போகப்போகிறோம். மனைவி வேலை செய்யும் வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, பெரிய மனது பண்ணி, ஐந்து வருடத்தில் முதல்தடவையாகச் சனி, ஞாயிறு லீவு தந்திருக்கிறார்.

"ஞாயிற்றுக்கிழமை கோர்சா இல்லை," என்கிறார் கவுண்டர்காரர்.

கோர்சா என்றால் பந்தயம். என் இத்தாலியன் அவ்வளவு திறம். பக்கத்து டெலிபோனில் வீட்டுக்கு அறிவிக்கிறேன்: "இஞ்சேரும், பந்தயம் இல்லையாம்."

"அப்ப லீவை வீணாக்காமல் வேலைக்கு வாறனெண்டு சிஞ்ஞோராட்டைச் சொல்லுறன்," என்கிறாள் மனைவி.

பந்தயம் நின்றுவிட்டதே என்று திரும்பி வந்து குறைப்படுகிறேன். கவுண்டர்காரர் சிரிக்கிறார். "பந்தயம் நடக்கும். பஸ் ஓடுவதையும் கோர்சா என்றுதான் சொல்வோம். ஞாயிறு அதுதான் இல்லை. சனிக்கிழமை பஸ்ஸில் போங்கள்."

ஓடிப்போய் மறுபடி வீட்டுக்கு எடுக்கிறேன். லைன் பிசி. எங்கள் இரண்டு நாளையும் மனைவி சிஞ்ஞோராவிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.