மூன்றாவது நிறம் ஓட்டவில்லை, லூர்து

அச்சடிக்கும் ஸ்கிரீனில் ஒட்டிய மையை வழித்துக்கொண்டிருந்தேன். லூர்துவின் தம்பி சைக்கிளைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தான். "அக்கா பூட்ச்சுக்கா" என்றான். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தவள், பொங்கலுக்குள் வேலைக்குத் திரும்பிவிடுவாள் என்றுதான் நம்பியிருந்தேன். "சும்மா இரு, வாய்க்கு வந்ததைப் பேசாதே" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

அடக்கம் முடிந்ததும், அவர்கள் ஊரான வடக்குப்பட்டில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முப்பதாம் நாள் பூசைக்கு கார்டு அடிக்கணும்மா. எழுத்து மேல எழுத்து வெச்சு அவ ஒரு கொடி வர வைப்பாளே, அதே மாதிரி அவ பேர்ல போட்டுக் குடு." தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் கடையில் நானும் அவளும் ஒரே மேசை. கம்பெனிப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர், கல்யாணக் கார்டு, எது வந்தாலும் அடிப்போம். லூர்துவுக்கு எழுத்தை எழுத்தாக விட மனம் வராது. ஒரு 'ழ'வை வரிசையாக நிறுத்தி, இன்னொரு நிறத்தில் வேறொரு எழுத்தைச் சற்றுத் தள்ளி அதன் மேல் ஏற்றிப் பார்ப்பாள். "படிக்கிறதுக்குத்தாண்டி எழுத்து" என்று கிண்டல் செய்வேன். "படிச்சிக்கினே இருந்தா எப்போ பாக்கறது?" என்பாள்.

அந்தப் பித்து அவளுக்கு முற்றியது ஒரு கல்யாணக் கார்டில். மாப்பிள்ளை மூர்த்தி, பெண் தேவி. மாப்பிள்ளையின் முதல் எழுத்தை மஞ்சளில் அடித்து, ஒட்டினாற்போல் பெண்ணின் பெயரைச் சிவப்பில் ஏற்றி, கார்டு முழுக்கப் பரப்பிவிட்டாள். மொத்தமும் காய்ந்தபின் வந்து பார்த்தார் பெண்ணின் மாமா.

"இன்னாம்மா இது? கார்டு பூரா மூதேவி மூதேவின்னு கீது?"

ஐயோ, எங்கள் யார் கண்ணிலும் படவில்லையே! "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லைன்னா நாளைக்கு வராதே" என்றார் முதலாளி. அழுதுகொண்டே அதே ஸ்கிரீனைத் தலைகீழாகத் திருப்பி, பச்சையில் ஓர் இழுப்பு இழுத்தாள் லூர்து. எழுத்து போன இடம் தெரியவில்லை. கொடியும் மொட்டுமாகக் கார்டு நிறைந்துவிட்டது.

மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்போ ஷோக்கா கீது. இது இன்னா பூவு?"

"உங்க வூட்டுப் பொண்ணு மாப்ளதாங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அதற்குப் பிறகு மூன்றாவது நிறம் ஓட்டாமல் அவள் எதையும் விட்டதில்லை. "எழுத்து தெரிஞ்சா நான் தோத்தேன்னு அர்த்தம்" என்பாள்.

நேற்று அவள் கார்டுக்கு உட்கார்ந்தேன். வெளிர் நீலத்தில் அவள் பெயர், மேலே காவியில் இன்னொரு முறை, சற்றுத் தள்ளி. பச்சை கலக்கி, ஸ்கிரீனைத் தலைகீழாக வைத்து, மை இழுக்கும் ரப்பர் கட்டையைக் கையில் எடுத்தேன். ஓர் இழுப்பு இழுத்தால் கொடி வந்துவிடும், பெயர் போய்விடும். கை வரவில்லை. மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோமே, அது போதாதா? இதையும் நானே மூட வேண்டுமா, பாவி? மேசை மேல் தலை சாய்த்து அழுதேன்.

இன்று கார்டை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"கொடி வரலையேம்மா?"

"வரலைம்மா. பேரு தெரியுது, பாருங்க."

உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான், லூர்து. நான் தோற்றதாகவே இருக்கட்டும்.