பனிக்குள் நின்றவர்

மார்கழி பதினொன்று, வியாழக்கிழமை, காலை ஐந்து ஐம்பத்திரண்டு. தெருவிளக்கே தெரியாத பனி. புதுச்சத்திரத்தில் எங்கள் கோழிப்பண்ணை வாசலிலிருந்து மகன் முட்டை லாரியை எடுத்தான். சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது.

கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எங்கள் வழக்கம் அப்படி. தெரியாமலிருந்தாலோ எனக்கு இருப்புக்கொள்ளாது. அதனால் பத்து நிமிடம் கழித்துப் போனில் கேட்பேன். வண்டி நகர்ந்துவிட்டால் தோஷமில்லை. ஓட்டும்போது பேசுவது ஆபத்து என்று தெரியாதவனல்ல நான். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினான்கு மீட்டர் ஓடும் என்று அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியதே நான்தான். என் கேள்விக்கு ஒன்பது நொடி போதும், அதற்குள் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். நூற்று இருபத்தாறு மீட்டர் என்று அன்று பெருக்கிப் பார்க்கவில்லை.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு வாசலில் நின்று கூப்பிட்டேன். எடுத்தான்.

"எந்தப் பக்கம் சாமி?"

"அயோத்தியாப்பட்டணமுங்க…" என்றவன் நிறுத்தினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஏனுங்கப்பா, நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?"

பிரேக் கீச்சிட்டது. இரும்பு மோதியது. அதன்பின் பேச்சில்லை, ஆனால் போன் கட்டாகவில்லை. வைப்பர் ஓடுவது மட்டும் கேட்டது. எண்ணத் தொடங்கினேன். முப்பதைத் தாண்டியதும் இன்னொரு சத்தம் சேர்ந்தது. ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்கியது. ரத்தம் என்றே நினைத்தேன். நாற்பத்தேழில் இருமினான்.

"இருக்கறனுங்கப்பா."

பக்கத்து வீட்டுக் காரில் போய்ச் சேர்ந்தேன். லாரி நடுத்தடுப்பில் ஏறி நின்றது. ஜன்னல் வழியே விழுந்த போன் ரோட்டில் கிடந்தது; அதன் பக்கத்தில் முட்டைக் கரு சொட்டிக்கொண்டிருந்தது. மகன் நெற்றியைத் துண்டால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தான். ரோட்டில் வேறு ஆளில்லை.

"வெள்ளை வேட்டி, தலையில மப்ளரு, காதுல போனு. நீங்கதானுங்க. உங்க மேல ஏத்திரக் கூடாதுன்னுதான் ஸ்டீரிங்க ஒடிச்சேன்."

காதில் கேட்ட குரலுக்குக் கண் ஓர் உருவம் கொடுத்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். எனக்கே அது போதவில்லை. மப்ளரை நான் கட்டிக்கொண்டது அவன் போன பிறகு.

இப்போது சாவியைத் திருகும் முன்பே கேட்டுவிடுகிறேன். அவனும் சொல்லிவிடுகிறான். ஆனால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை வண்டியை எடுப்பதில்லை.

உடைந்த முட்டை, லாரியின் முன்பக்கம், கிரேன், நெற்றியில் மூன்று தையல்: எல்லாம் சேர்த்து எண்பத்தோராயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.