ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வரைக்கும்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது லைசென்ஸில் பத்திரமாகக் கிடக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. படகுப் பட்டறையில் ஒரு காலத்தில் அவர் பெயர் ‘எழுபது’. லாரியில் ஏறினால் ஸ்பீடு முள் எழுபதைத் தொடாமல் இறங்க மாட்டார், அப்படி ஒரு தெனாவெட்டு. இப்போது அவர் பெயர் ‘நாற்பது’. மிச்ச முப்பது எங்கே போச்சு என்று புதிதாக வந்தவன் எவனாவது கேட்டால், பட்டறைக்காரர்கள் பதில் சொல்லாமல் ஆற்றுச் சரிவைக் காட்டுவார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அந்தச் சரிவில்தான் வேலை. வெள்ளம் வருவதற்கு முன்னால் ஆற்றில் கிடக்கிற படகுகளை மேலே பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். லாரியைப் பின்னால் விட்டு ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவார். படகு மிதந்து வந்து அதன்மேல் உட்காரும். கட்டி இழுக்க வேண்டியதுதான். சொல்லும்போது சுளுவாக இருக்கும். சரிவு அறுபதடி நீளம், பாசி பிடித்த சிமெண்ட், நெட்டுக்குத்தலான ஏற்றம். அதனால் ஒரு ஆள் கையில் மரக்கட்டையோடு ட்ரெய்லர் சக்கரத்தை ஒட்டியே நடந்து வரணும். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடணும். அந்த ஆள், நாற்பதின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடுச்சரிவில் பழைய லாரி பின்வாங்கியது. மச்சினன் கட்டையைப் போட்டான். பாசியில் கட்டை வழுக்கிக்கொண்டு போக, சக்கரம் அவன் இடது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“பிரேக் போயிடுச்சு” என்றார் அவர். கிழட்டு வண்டி, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டியையும் எடைக்குப் போட்டாயிற்று.

பிரேக்காவது, போவதாவது! அன்றைக்குக் கரையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது. முதல் கியரில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்த வண்டியை, பார்த்துக்கோ என்னை என்கிற மாதிரி நடுவழியில் இரண்டாவதுக்கு மாற்றினார் மனுஷன். கியர் விழவில்லை. கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கால் பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. இந்த முழுப் பூசணிக்காயை நாலு வருஷமாகச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் மச்சினன் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு டக், டக்கென்று பட்டறைக்குள் வரும்போதெல்லாம் அவர் ஏதோ வேலை இருக்கிற மாதிரி பின்பக்கமாக நழுவிவிடுவார்.

அதற்குப் பிறகு படகு தூக்க வெளியிலிருந்து கிரேன் வந்தது. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பட்டறை முதலாளியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் புது டீசல் லாரி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டாள். சாவியை இவர் கையில் வைத்தபோது அதைக் கீழே போட்டார். சந்தோஷத்தில் தவறவிட்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாவம்.

வண்டியை விற்றவர் கூடவே நின்று பக்குவம் சொன்னார். “ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வரைக்கும் ட்ரெய்லர் மாட்டாதீங்க. ஒரே வேகத்துல ஓட்டாதீங்க, கூட்டிக் குறைச்சு ஓட்டுங்க. நின்ன இடத்துல இன்ஜினை ஓட விடாதீங்க. மேடு பள்ளத்துல விட்டு கொஞ்சம் வேலை குடுங்க.”

சொன்னது நாலு. இவர் காதில் விழுந்தது முதலாவது மட்டும். சூடு கண்ட பூனையிடம் அடுப்பு இன்றைக்கு எரியாது என்று சொன்னால் மற்றதெல்லாம் அதற்கு எதற்கு?

அன்றிலிருந்து பார்க்கணுமே கூத்தை! காலையில் வண்டியை எடுப்பார். மேடில்லாத, பள்ளமில்லாத, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிற ரோடாகத் தேடிப் பிடிப்பார். நாற்பதில் போவார், நாற்பதில் வருவார். சைக்கிள்காரன் மணியடித்து முந்திக்கொண்டு போனான். பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “அண்ணே, வண்டி ஓடுதா, இல்ல ரோடு நகருதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இவருக்குக் கோபம்கூட வரவில்லை. கண்ணெல்லாம் மீட்டரில்.

எண்ணூறு ஆனது. ஆயிரம் ஆனது. ஆயிரத்து முந்நூறு ஆன அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

“எவ்வளவு ஆச்சுங்க?” என்று கேட்டாள் மனைவி. தட்டில் பிசைந்தது பிசைந்தபடி இருந்தது.

“இருக்கு இன்னும்.”

“ஆத்துல தண்ணி ஏறுதாம். தம்பி சொன்னான். அவனே கட்டை போடுறேன்னு முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டானாம்.”

அவருக்குப் புரையேறியது. “அவனா? ஒத்தக் கால வச்சுக்கிட்டா? உனக்கென்ன பைத்தியமா? கூடப்பிறந்தவன்தானே, நீ சொல்ல மாட்டியா?”

“சொன்னேன். என் வேலை அதுதான்னு ஒரே பிடியா நிக்கிறான். நீங்கதான் சொல்லிப் பாருங்களேன்.”

இவர் எதைச் சொல்வார், எந்த வாயால் சொல்வார்? கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து புது யுக்தி ஒன்று கண்டுபிடித்தார். பட்டறைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். இன்ஜின் பழகுகிறது, ஆனால் மீட்டர் ஏறாது. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். என்னய்யா இது என்று கேட்டால், “சூடேத்துறேன்” என்பார். மீட்டர் ஏறாத வரைக்கும் மச்சினன் சரிவுக்கு வர வேண்டியதில்லை. பயம் வந்துவிட்டால் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு இவரை விட்டால் ஆளில்லை.

பத்தாவது நாள் காலையில் வண்டியைக் கிளப்பியதும் பின்னால் நீலமாகப் புகை வந்தது. ஆயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். நிறைய இருந்த ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. புகைக்குழாயின் வாயில் கரியும் எண்ணெயுமாகப் பிசுபிசுவென்று வழிந்தது. புது வண்டி! முதலாளியம்மா கேட்டால் என்ன சொல்வது? உடம்பு வியர்த்து ஊற்ற, வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

மெக்கானிக் குழாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு இவரை மேலும் கீழும் பார்த்தார்.

“எப்படி ஓட்டினீங்க?”

“நாற்பதைத் தாண்டலய்யா. ஒரு மேடுகூட ஏத்தல. பூ மாதிரி வச்சிருந்தேன்.”

“நாசமாப் போச்சு” என்றார் மெக்கானிக். “பூ மாதிரி வைக்கிறதுக்கு இது என்ன பூஜாடியா? டீசல் இன்ஜின்யா! புதுசுல வேலை குடுத்தாத்தான் உள்ள பிஸ்டன் ரிங்கு தேய்ஞ்சு கச்சிதமா உட்காரும். நீங்க தூக்கி இடுப்பிலயே வச்சுட்டுத் திரிஞ்சிருக்கீங்க. இடுப்பை விட்டு இறக்காத பிள்ளை எப்படிய்யா நடக்கும்?”

“இப்ப என்ன பண்றது?”

“இன்னைக்கு நல்ல மேட்டுல ஓட்டி மீட்டரை முடிங்க. நாளையிலிருந்து ட்ரெய்லரை மாட்டுங்க. முதல்ல சின்னப் படகு, அப்புறம் பெருசு. நல்லா முக்கி இழுக்கட்டும். இன்னும் கெட்டுப் போகல. இப்படியே ஒரு மாசம் வச்சிருந்தீங்கன்னா இன்ஜினைப் பிரிக்கணும்.”

எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ, அதையே மருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மெக்கானிக். அன்றைக்கு முழுக்க மேடு மேடாக ஏற்றி இறக்கினார். சாயங்காலம் மீட்டர் ஆயிரத்தைந்நூறைத் தாண்டியபோது, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வாய்விட்டு அழுதார் என்றே சொல்லிவிடலாம், அதில் என்ன வெட்கம்.

மறுநாள் காலை சரிவில் மச்சினன் முன்கூட்டியே வந்து நின்றான். கையில் அதே மாதிரி ஒரு கட்டை. ஆனால் இந்த முறை அடியில் பழைய டயர் ரப்பரை ஆணியடித்துப் பொருத்தியிருந்தான்.

“மாப்ள, நீ போ. வேற ஆளைக் கூப்பிடலாம்” என்றார் இவர்.

“என்ன மாமா, கால்ல ஒரு கட்டை, கையில ஒரு கட்டை, என்னைவிட ஆள் கிடைக்குமா?” என்று சிரித்தான் அவன்.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றுத்தண்ணீர் போன வாரத்தைவிட ரெண்டு முழம் ஏறியிருந்தது. கீழே சின்னப் படகு ட்ரெய்லரில் உட்கார்ந்து தயாராக இருந்தது.

“மாப்ள, அன்னைக்குப் பிரேக் போகல.”

மச்சினன் குனிந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“நான்தான் கியர மாத்தினேன். விழல. உன் காலை எடுத்தது நான்தான்டா.”

“தெரியும் மாமா.”

“தெரியுமா?”

“பின்னாடி நின்னவன் நான். கர்ருன்னு கத்தினது எனக்குக் கேக்காதா? நாலு வருஷமா நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். திட்டணும்னுதான் இருந்தேன். ஒரு வருஷம் மனசுக்குள்ளயே திட்டினேன், கெட்ட கெட்ட வார்த்தையில.” கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.”

“அப்புறம் ஏன்டா திரும்பவும் வந்து நிக்கிற?”

“வேற எவனாவது நின்னா அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரியுமா அவனுக்கு? போட்டுட்டு ஒதுங்கறதுக்குள்ள செத்துருவான். எனக்குத் தெரியும். ஏறுங்க.”

ஏறினார். முதல் கியரைப் போட்டார். கிளட்சை விட்டதும் லாரி ஒரு குலுக்குக் குலுக்கி, ட்ரெய்லரைத் தண்ணீரிலிருந்து இழுத்தது. பத்தடி. இருபதடி. இன்ஜின் உறுமியது. இத்தனை நாளில் அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. பக்கக் கண்ணாடியில் மச்சினனின் தோள் மட்டும் தெரிந்தது, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

நடுச்சரிவு வந்தது. அதே இடம். இடது கை தானாகக் கியர்க் கம்பியின் பக்கம் போனது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் இல்லையா! ஐயோ என்று அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சக்கரம் பாசியில் ஒரு சுற்று வெறுமனே சுழன்றது. வண்டி நின்ற மாதிரி இருந்தது. கண்ணாடியில் தோளைக் காணோம்.

“மாப்ள!” என்று கத்தினார்.

“அப்படியே வாங்க! மாத்தாதீங்க!” என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

சக்கரம் பிடித்தது. நாற்பதடி, ஐம்பதடி. முன்சக்கரம் சமதளத்தில் ஏறியது, பிறகு பின்சக்கரம், பிறகு ட்ரெய்லர். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துவிட்டு, இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் டக், டக்கென்று சத்தம் நெருங்கி வந்தது. நாலு வருஷமாக எதைக் கேட்டு நழுவினாரோ, அதே சத்தத்துக்கு இன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மச்சினன் வந்து ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டு, செயற்கைக் காலால் அதை ஒரு உதை உதைத்து இறுக்கினான். அப்புறம் கதவுப் பக்கம் வந்து நின்று மூச்சு வாங்கினான்.

“புகை குறைஞ்சிருக்கு மாமா” என்றான். “இன்னும் பதினோரு படகு இருக்கு.”

அவர் வெளிறிப்போய் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கியரைத் தேடிப் போன அதே கையை ஜன்னல் வழியாக நீட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

“வலிக்குது மாமா” என்றான் அவன்.