இரண்டு படங்களில் ஆனந்தகிருஷ்ணன்

கிழக்கேகோட்டைப் பக்கம் ஆனந்தகிருஷ்ணன் என்று சொன்னால், சினிமாவில் அவராக நடித்தவரின் முகம்தான் இன்று பலருக்கும் நினைவு வரும். அசல் மனிதர் அக்ரஹாரத்தில் தனியாக இருக்கிறார். மெலிந்த உடம்பு, எப்போதும் தேய்த்த சட்டை.

வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கவடியாரில் நான்கு பணக்காரப் பையன்கள் தொடங்கிய முதலீட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நகைக்கடை முதலாளியின் மகன் சாய்தான் அவர்களுக்குத் தலைவன். அந்தப் பையன்களிடம் கார் இருந்தது, பொன்முடி போகும் வழியில் பங்களா இருந்தது, வாயைத் திறந்தால் வெளிநாட்டுச் சந்தை கொட்டியது. பார்த்தவுடன் நம்பத் தோன்றும் முகம்தான் ஒருவனுக்கும் இல்லை. அதற்காகவே 'சாமி, சாமி' என்று இவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

பணம் போடுகிற ஒவ்வொருவர் பெயரிலும் இவர் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பிரசாதத்தை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மின்சார பில்லையே நான்கு தடவை படித்துப் பார்க்கிற மனிதர்கள், இலையில் சந்தனத்தைக் கண்டதும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளையார் இதற்கெல்லாம் ஜாமீன் நிற்பாரா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எதிர்வீட்டு வாலாம்பாளும் டீச்சர் வேலையில் கிடைத்த ஓய்வுத் தொகையை மொத்தமாகப் போட்டாள்.

கம்பெனி மூழ்கியது. சாய் விமான நிலையத்தில் பிடிபட்டான். போலீஸ் ஆனந்தகிருஷ்ணனை இரண்டு நாள் விசாரித்து, சாட்சியாக்கி அனுப்பிவிட்டது. தெரு அவரை விடவில்லை. மனைவி காலமான பிறகு அவருக்கு ஒரு வாய்க் குழம்பும் நாலு வார்த்தைப் பேச்சும் வாலாம்பாள் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. மற்றதையெல்லாம் தாங்கியவரால் அதை மட்டும் தாங்க முடியவில்லை.

மறுவருஷம் படம் வந்தது. அதில் இவர் கண்ணடித்துக்கொண்டே தேங்காய் உடைக்கும் களவாணி. தியேட்டரில் விசில் பறந்ததாம். பிறகு வெப் சீரிஸ் வந்தது. அதில் இவர் ஒன்றுமறியாத அப்பாவி, கடைசிக் காட்சியில் கோயில் வாசலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுகிறார்.

சீரிஸ் முடிந்த மறுநாள் காலையில் வாலாம்பாள் தூக்குப் பாத்திரத்தில் குழம்போடு வந்து நின்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பதான் மனசிலாச்சு, ஆனந்தா. தப்பா நெனச்சுட்டேன்."

மூன்று வருஷமாக இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு பாத்திரத்தை வாங்கினால் போதும். ஆனால் கம்பெனி மூழ்குவதற்கு முன் கடைசி மாதம் நடந்தது அவருக்குத் தெரியும். காலையில் புதிதாகச் சேர்ந்தவர் கொடுத்த ரொக்கத்தை வங்கியில் போடுவார், மதியம் அதே பணத்தை எடுத்து லாபம் என்று பழையவரிடம் கொண்டு கொடுப்பார். வங்கியில் ஆயுளைக் கழித்தவருக்கு அது புரிய எத்தனை நாள் ஆகும்? பையன்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள் என்று தன்னையே ஏய்த்துக்கொண்டு வேலையில் இருந்தார்.

"தெரியும் மாமி," என்றார். "கடைசி ஒரு மாசம் தெரியும். நீங்க பணம் போட்டது அந்த மாசத்துலதான்."

வாலாம்பாள் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. படியிறங்கி, தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"பணம் போனப்போகூட நான் அழலை. நேத்து டீவிக்கு முன்னால ஒனக்கு வேண்டி அழுதேன்," என்றாள்.